ஆறாம் படுக்கைக்கு வந்த பூ

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் பூ கூடாது.
அரபியிலும் ஆங்கிலத்திலும் கதவில் ஒட்டியிருக்கிறது.
தெலுங்கில் இல்லை.

மங்காஃப் கேம்ப்பிலிருந்து வந்த ஐந்து பேர்,
ஆளுக்கு ஒரு தினார்.
செலோஃபேன் தாளுக்குள் ஏழு ரோஜா,
நடுவில் மஞ்சள் ஜெர்பரா ஒன்று.
இஸ்திரி போட்ட சட்டையோடு
யார் ஏந்துவது என்று தெரியாமல்
கைமாற்றிக்கொண்டே நின்றார்கள்.
இந்தியில் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை. வாங்கிவிட்டேன்.

அட்டையில் கோணல் எழுத்து: எல்லய்யா, பெட் 6.
சாரத்திலிருந்து விழுந்து நான்கு நாள்.
வாயில் குழாய். கண் திறக்கவில்லை.

அப்பாசியாவில் ஐந்தாம் மாடி எங்கள் ஃப்ளாட்.
ஆகஸ்ட்.
நீலப் புள்ளிக் குழாயைத் திறந்தால்
மொட்டைமாடித் தொட்டியின் வெயில் கொட்டும்.
அணைத்துப்போட்ட ஹீட்டரின் வயிற்றில்
கிடக்கிற நீர்தான் கொஞ்சம் ஆறியிருக்கும்.
சிவப்புப் புள்ளியைத் திருப்பினேன்.
போன வாரம் வரை கடலாயிருந்த தண்ணீர்.

ஊறுகாய் பாட்டிலை எண்ணெய் வாசம் போகக் கழுவினேன்.
கீழ் இலைகளை உருவினேன்,
நீரில் நின்றால் அழுகும்.
கரண்டி சர்க்கரை, நாலு சொட்டு எலுமிச்சை,
க்ளோராக்ஸ் ஒரு சொட்டு.
"டோஸை சார்ட்டில் எழுதினியா?" என்றாள் சூசி.

காம்பை வாளிக்குள் அமிழ்த்தி
நீருக்கடியிலேயே சாய்வாக வெட்டினேன்.
வெளியில் வெட்டினால் காற்று ஏறிக்கொள்ளும்.
கடுகளவு குமிழ் போதும்,
அதைத் தாண்டித் தண்ணீர் மேலே போகாது.
நீரில் நின்றபடியே தாகத்தில் சாகும் பூ.

இதை எங்கும் படித்ததில்லை.
சொட்டுமருந்துக் குழாயைச் சுண்டிச் சுண்டி
குமிழை மேலே ஓட்டிப் பழகிய கைக்கு
யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரவுப் பணிக்குப் போகுமுன்
தோசை மாவை வெளியே எடுத்தேன்,
பாட்டிலை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தேன்.
ஆப்பிளைத் தள்ளிக் கீழ்த்தட்டில்;
பக்கத்தில் இருந்தால் பூவைச் சீக்கிரம் கிழமாக்கிவிடும்.
விடிந்து வந்தபோது
மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது.
துடைத்துக்கொண்டிருந்த லின்சி என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் ஒரு ரோஜாவுக்குக் கழுத்து சாய்ந்தது.
செய்தித்தாளை இறுக்கிச் சுற்றி
பக்கெட்டில் கழுத்தளவு நீரில் நிறுத்தினேன்.
சாயங்காலத்துக்குள் நிமிர்ந்தது.
ஆறாம் படுக்கையின் ஃபைலிலும்
கழுத்தைப் பற்றி ஒரு வரி உண்டு.
பூ நிற்கும்வரை அவர் என்று
மனசு தானாக ஒரு கணக்குப் போட்டது.
அந்தக் கணக்கை நான் ஒப்புக்கொள்ளவில்லை.
ஆனாலும் அலாரம் வைத்துத் தண்ணீர் மாற்றினேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள் நுனியில் ஒரு விரல்கடை வெட்டு.
காம்பு குறுகக் குறுக
பாட்டிலும் மாறியது:
ஊறுகாய், ஜாம், கடைசியில் காப்பித்தூள்.

ஏழாம் நாள் குழாயை எடுத்தார்கள்.
மறுநாள் வார்டுக்கு மாற்றம்.
வார்டில் பூ வைக்கலாம்.

மிச்சம் இரண்டு ரோஜா, அந்த ஜெர்பரா.
சாண் உயரம்கூட இல்லை.
சீல் உடைக்காத சிறுநீர்க் குப்பி ஒன்றை உடைத்து
அதில் நட்டு, மேசையில் வைத்தேன்.
"உங்க ஆளுங்க கொண்டுவந்தது."
எல்லய்யா நெடுநேரம் பார்த்தார்.
குழாய் கீறிய தொண்டையால்
இந்தியில் கேட்டார்:
"என் பூட்ஸ் எங்கே?"

புதுசாம். சம்பளத்தில் பிடித்ததாம்.
விழுந்தபோது காலில் இருந்ததாம்.

கேஷுவாலிட்டியில் கேட்டு, ஸ்டோரில் கேட்டு,
பெயர் எழுதிய பிளாஸ்டிக் பையை
கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன்.
ஒரு பூட்ஸில் நாடா இல்லை, வெட்டியிருந்தார்கள்.

நான் நுழைந்தது அவருக்குத் தெரியவில்லை.
ஊசி குத்தாத கையின் நகத்தால்
குப்பியைச் சுண்டிக்கொண்டிருந்தார்.
காம்பில் ஒட்டியிருந்த குமிழ் ஒன்று
விட்டு
மேலே போனது.